நீஸ் நகரத்துக்கு மொதல் தடவை போறீங்களா? எங்க போறதுங்கறத விட எத்தன மணிக்கு போறதுங்கறத பாருங்க

தெற்கு ஃபிரான்ஸ்ல மத்தியதரைக் கடல் ஓரத்துல இருக்கற நீஸ்க்கு மொதல் தடவை போறவங்க நெறைய பேர் பண்றது என்னன்னா, பத்து பதினஞ்சு இடத்த போன்ல சேவ் பண்ணி வச்சுக்கிட்டு, காலைல ஆற அமர எழுந்து காபி குடிச்சு பத்தரை மணிக்கு ஹோட்டல விட்டு கெளம்பி, வெயில் மண்டைய பொளக்கற நேரத்துல மலை ஏறி, மார்க்கெட்ட கழுவி விடற நேரத்துல மார்க்கெட்டுக்கு போயி, கிச்சன் மூடுன அப்பறம் ரெஸ்டாரன்ட் வாசல்ல போய் நிக்கறது. அப்பறம் ஊருக்கு வந்து "நல்லாத்தான் இருக்கு, ஆனா சும்மா ஏத்தி விட்டுட்டாங்க"ன்னு சொல்றது. அந்த ஊருக்குன்னு ஒரு நேரக்கணக்கு இருக்கு, அத புடிச்சுக்கிட்டா மூணு நாள் தாராளமா போதும், எதுக்கும் ஓட வேண்டாம். அதுக்காகத்தான் இத எழுதறேன்.

மொதல்ல எந்த மாசம் போறது. இன்னைக்கு நீஸ்னா எல்லாருக்கும் கோடை லீவுதான் ஞாபகம் வரும், ஆனா இந்த ஊரு பேர் வாங்குனதே குளிர்காலத்துக்குத்தான். 1700கள்ல இருந்தே இங்கிலாந்து பணக்காரங்க அவங்க ஊரு குளிர் தாங்காம இங்க வந்து மாசக்கணக்குல டேரா போட ஆரம்பிச்சுட்டாங்க. 1820கள் ஆரம்பத்துல ஒரு கடும்பனில ஆரஞ்சு மரமெல்லாம் கருகிப் போயி ஜனங்க வேலை இல்லாம நின்னப்ப, லூயிஸ் வேங்கற பாதிரியாரு தன்னோட ஆளுங்ககிட்ட காசு வசூல் பண்ணி, அந்த ஜனங்களுக்கு கூலி குடுத்து கடல் ஓரமா ஒரு நடைபாதை போட வச்சாரு, அதுதான் வளந்து வளந்து இப்ப ஏழு கிலோமீட்டருக்கு நீண்டு கெடக்கற ப்ரோமனாட் டெஸ் ஆங்லே. 2021ல யுனெஸ்கோ இந்த ஊர உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்ததும் குளிர்கால ரிசார்ட் நகரம்ங்கற பேர்லதான். அதனால ஜனவரி பிப்ரவரில போனாலும் வீண் இல்ல, பிப்ரவரில கார்னிவல் இருக்கும், 1873ல இருந்து நடக்கற பெரிய ஊர்வலம், பக்கத்துல மாந்தோன் ஊர்ல எலுமிச்சை ஆரஞ்சுப் பழத்த வச்சே பெரிய பெரிய உருவமெல்லாம் செஞ்சு நிறுத்துவாங்க. ஆனா கடல்ல எறங்க முடியாது, ஐஸ் மாதிரி இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல கடல் வெதுவெதுன்னு சூப்பரா இருக்கும், கூட்டமும் ரூம் வாடகையும் அதே அளவுக்கு எகிறும். என்ன கேட்டா ஜூன் நடுவுல இருந்து கடைசிக்குள்ள, இல்லன்னா செப்டம்பர். செப்டம்பர் இன்னும் பெட்டர், ஏன்னா கோடை முழுக்க சூடான தண்ணி சட்டுனு ஆறாது, ஆனா ஃபிரான்ஸ்ல ஸ்கூல் தொறந்துடறதால குடும்பங்க கெளம்பிடும். அக்டோபர் நவம்பர்ல மழை பேய் மாதிரி கொட்டும், அத தவிர்த்துடுங்க.

விசா பத்தி நீட்டி முழக்கல. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்னா ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து குடுக்கற ஷெங்கன் விசா வேணும், அதோட 30,000 யூரோ மருத்துவச் செலவ கவர் பண்ற டிராவல் இன்சூரன்சும் கட்டாயம். பல நாடு போறதா இருந்தா எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அங்கதான் அப்ளை பண்ணணும். கோடைக்குப் போறவங்க அப்பாயின்ட்மென்ட்ட முன்கூட்டியே போட்டுடுங்க, ஏப்ரல் மேல தேடுனா தேதி கெடைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும்.

ஏர்போர்ட் ஊருக்கு ரொம்ப கிட்ட, கடல் மேலயே மண்ணக் கொட்டி நெரப்பி கட்டுன ரன்வே. ரெண்டு டெர்மினல் வாசல்லயும் டிராம் நிக்கும், ரெண்டாவது லைன். டாக்ஸி பக்கம் திரும்பவே வேண்டாம், பெரிய பெட்டி நாலஞ்சு இருந்தா ஒழிய. ஸ்டாப்புலயே மெஷின் இருக்கு, டிக்கெட் எடுத்துட்டு டிராம்குள்ள ஏறுன உடனே வேலிடேட் பண்ணணும், டிக்கெட் கைல இருந்தும் வேலிடேட் பண்ணாம உக்காந்திருந்தா அது டிக்கெட் இல்லாத கணக்குதான், செக்கர் வந்தா ஃபைன், டூரிஸ்ட்னு சொல்லி சிரிச்சாலும் விட மாட்டாங்க. இந்த லைன் ஊருக்கு நடுவுல பூமிக்கு அடில போயி துறைமுகத்துல முடியும். ழான் மெத்சான் ஸ்டாப்புல எறங்கி மேல வந்தா ஒண்ணாவது லைன் கெடைக்கும், அதுல ரயில்வே ஸ்டேஷன் பக்கம், ப்ளாஸ் மசேனா, பழைய ஊரு எல்லாம் போயிடலாம்.

எங்க தங்கறதுன்னா, பழைய ஊருக்குள்ள ரூம் போட்டோவுல பாக்க அள்ளும், அந்த மஞ்சளும் காவியுமா இருக்கற சுவரு, பச்ச ஜன்னல். ஆனா அங்க நெறைய வீட்டுல லிஃப்ட் கெடையாது, நாலாவது மாடிக்கு வளைஞ்சு போற கல்லுப்படில 23 கிலோ பெட்டிய தூக்கணும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ பாருல இருந்து சத்தம் வரும். சின்னப்பசங்க, பெரியவங்க கூட வந்தா வேண்டவே வேண்டாம். துறைமுகம் பக்கம் அமைதியா இருக்கும், டிராம் வாசலுக்கே வரும், பழைய ஊருக்கு பத்து நிமிஷ நடை, நான் அதுக்குத்தான் ஓட்டு போடுவேன். ரயில்வே ஸ்டேஷன் சுத்துவட்டாரம் மலிவு, தினமும் ரயில்ல வெளியூர் போற ப்ளான் இருந்தா அதுவும் வசதிதான், ராத்திரில மட்டும் கொஞ்சம் பாத்து நடக்கணும். எங்க போட்டாலும் ஏசி இருக்கா, லிஃப்ட் இருக்கான்னு ரெண்டையும் கேட்டுட்டு போடுங்க, ஐரோப்பால இது ரெண்டும் எல்லா எடத்துலயும் இருக்கும்னு நம்பி போக முடியாது.

போய் எறங்குன அன்னைக்கு சாயங்காலம் எதையும் ப்ளான் பண்ணாதீங்க. ப்ரோமனாட் போயி நீல நாற்காலில உக்காருங்க. அந்த நாற்காலிங்கதான் ஊரோட அடையாளமே, ஓசிதான், யாரும் எழுப்ப மாட்டாங்க. ஒரு விஷயம் மட்டும் கவனம், நடைபாதைல கோடு போட்டு சைக்கிளுக்கு தனி லேன் இருக்கும், செல்ஃபி எடுத்துக்கிட்டே பின்னாடி நகந்து நகந்து அதுல போய் நின்னீங்கன்னா சைக்கிள்காரன் ஃபிரெஞ்சுல என்ன திட்டுறான்னு புரியாட்டியும் திட்டுறான்னு நல்லாவே புரியும். வழில ரோஸ் கலர் கூரை வச்ச நெக்ரெஸ்கோ ஹோட்டல் வரும், 1913ல தொறந்தது, உள்ள தங்கற அளவுக்கு நம்மகிட்ட காசு இல்லன்னாலும் வெளிய நின்னு பாக்கலாம். இசடோரா டங்கன்னு ஒரு பெரிய டான்சர், 1927ல நீஸ்லதான் கார்ல போறப்ப கழுத்துல போட்டிருந்த நீள ஸ்கார்ஃப் சக்கரத்துல மாட்டி செத்துப் போனாங்க. அதே கடலோரத்துலதான் 2016 ஜூலை 14 ராத்திரி வாணவேடிக்கை பாக்க வந்த கூட்டத்துக்குள்ள ஒருத்தன் லாரிய ஓட்டி 86 பேர கொன்னான், இப்ப கெழக்கு முனைல அவங்களுக்காக ஒரு தேவதை சிலை நிக்குது, ஓரமா குட்டையான இரும்புத் தூணா வரிசையா போட்டிருக்கறதும் அதுக்கப்பறம் வந்ததுதான். இருட்டுன உடனே ப்ளாஸ் மசேனாவுக்கு போங்க, கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட பெரிய சதுக்கம், உயரமான கம்பத்து மேல ஏழு மனுஷங்க மண்டி போட்டு உக்காந்த மாதிரி சிலை, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர்ல எரிஞ்சுக்கிட்டு இருக்கும். ஜாவ்மே ப்ளென்சாங்கற ஸ்பெயின் சிற்பி செஞ்சது, ஏழு கண்டமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற மாதிரியாம். பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது, ராத்திரிதான். அதுக்குப் பக்கத்துலயே தரைல இருந்து தண்ணி பீச்சற எடம் இருக்கு, பசங்கள கூட்டிட்டு போனா மாத்துத்துணி எடுத்துக்கோங்க, நனையாம வெளிய வராதுங்க.

மறுநாள் காலைலதான் விஷயமே. கோட்டை மலைக்கு காலைலயே போயிடுங்க. பேருதான் கோட்டை, கோட்டைய பதினாலாம் லூயி 1706ல இடிச்சுத் தள்ளிட்டான், இப்ப மேல பூங்காவும் ஒரு செயற்கை நீர்வீழ்ச்சியும் கொஞ்சம் இடிபாடும்தான். ஆனா அங்க இருந்து பாத்தா வளைஞ்சு போற கடற்கரை மொத்தமும், அந்த நீலமும், ஓட்டுக்கூரையெல்லாமும் ஒரே பார்வைல வந்துடும், நீங்க நெட்ல பாத்த நீஸ் போட்டோ எல்லாம் பெரும்பாலும் அங்க நின்னு எடுத்ததுதான். காலைல போகச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, அந்த வியூ மேற்க பாத்து இருக்கு, காலைல சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணி கலர் அப்படியே பளிச்சுனு வரும். சாயங்காலம் போனா வெயில் நேரா கண்ணுல அடிக்கும், போட்டோ பூரா வெள்ளையா போயிடும். மேல போறதுக்கு கடலோரத்துல பெலாண்டா கோபுரத்துக்கு அடில லிஃப்ட் இருக்கு, காசு கெடையாது. முட்டி நல்லா இருந்தாலும் ஏறும்போது லிஃப்ட், எறங்கும்போது பழைய ஊர் பக்கம் இருக்கற படி, அதுதான் சரியான வழி.

அப்படி எறங்கி சந்து சந்தா போனீங்கன்னா ஒம்போது மணி வாக்குல கூர் சலேயா மார்க்கெட்டுல போய் நிப்பீங்க. கோடு போட்ட துணிக்கூரைக்கு அடில பூ, பழம், ஆலிவ், சோப்பு, மசாலா. காய்கறிக் கடைங்க மத்தியானம் ஒரு மணி வாக்குல கட்ட ஆரம்பிச்சுடும், அதுக்கப்பறம் தரைய கழுவி ரெஸ்டாரன்ட் டேபிளா போட்டுடுவாங்க. திங்கட்கிழமை மட்டும் காய்கறி பூ எதுவும் கெடையாது, பழைய சாமான் சந்தைதான் இருக்கும், பித்தளை வெளக்கு, பழைய போஸ்ட்கார்டு, யாரோ வீட்டு வெள்ளி ஸ்பூன், அது புடிச்சவங்களுக்கு அன்னைக்குத்தான் திருவிழா. பழத்த நீங்களா கைய விட்டு பொறுக்காதீங்க, கடைக்காரங்க எடுத்துக் குடுப்பாங்க, இன்னைக்கு சாப்பிடறதுக்கா நாளைக்கான்னு கேட்டு அதுக்கேத்த மாதிரி பாத்துக் குடுக்கறவங்களும் உண்டு. எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் மொதல்ல போஞ்சூர் சொல்லிடுங்க. இத லேசா எடுத்துக்காதீங்க, அந்த ஊர்ல வணக்கம் சொல்லாம நேரா "ஹவ் மச்"னு ஆரம்பிச்சா அது மரியாதக்கொறவு, மூஞ்சி மாறிடும். சொல்லிட்டு நீங்க இங்கிலீஷ்லயே பேசுங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல.

அங்கயே சோக்கா சாப்பிடணும். கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான் சேர்மானம், நம்ம கடலை மாவு தோசைக்கு ஒண்ணு விட்ட சித்தப்பா பையன்னு வச்சுக்கோங்க. ஆனா தோசைக்கல்லு இல்ல, ஒரு ஆள் ரெண்டு கையையும் விரிச்சாத்தான் புடிக்க முடியற அளவுக்கு பெரிய வட்டத் தட்டுல மாவ மெல்லிசா ஊத்தி விறகடுப்புக்குள்ள தள்ளிடுவாங்க, மேல அங்கங்க கருகி கொப்புளம் வந்ததும் வெளிய இழுத்து, வழிச்சு வழிச்சு துண்டு துண்டா பேப்பர்ல அள்ளிப் போட்டு குடுப்பாங்க. ஓரம் மொறுமொறு, நடுவுல கொழகொழ. அதுக்கு மேல மிளகுத்தூள் நெறைய போட்டு கையாலயே சூடா சாப்பிடணும், அஞ்சு நிமிஷம் வச்சுட்டீங்கன்னா ரப்பர் ஆயிடும். அதனால கடைல எந்தத் தட்டு அப்பத்தான் வெளிய வருதுன்னு பாத்து அந்த நேரத்துக்கு லைன்ல நில்லுங்க, லைன் நீளமா இருந்தா நல்லதுதான், சோக்கா ஆறாம வரும்னு அர்த்தம். துறைமுகம் பக்கத்துல ஷே பிப்போன்னு 1923ல இருந்து இருக்கற கடை இதுக்கு ரொம்ப ஃபேமஸ்.

சைவம் சாப்பிடறவங்களுக்கு சோக்காதான் அந்த ஊர்ல உசுரு காப்பாத்தற சாப்பாடு, முட்ட பால் கூட இல்ல. மத்ததுல உஷாரா இருங்க. வெங்காயத்த மணிக்கணக்கா வதக்கி ரொட்டி மாவு மேல பரப்பி சுடற பிஸ்ஸலாதியேர் பாத்தா பக்கா வெஜ் மாதிரி இருக்கும், அதுல நெத்திலி மாதிரி ஆன்ஷ்வா மீன் இருக்கும், மேல வைக்காட்டியும் உள்ள கலந்திருப்பாங்க. சலாட் நிசுவாஸ்ல மீனும் முட்டையும் உண்டு, அதையே ஒரு வட்ட பன்னுக்குள்ள அடைச்சு ஆலிவ் எண்ணெய் ஊத்தி ஊற வச்சா அது பான் பன்யா, அசைவம் சாப்பிடறவங்க பீச்சுக்கு பார்சல் கட்டிட்டு போக அத விட நல்ல ஐட்டம் கெடையாது. பூசணிப் பூ மாதிரி இருக்கற கூர்ஜெத் பூவ மாவுல தோச்சு பஜ்ஜியா போடுவாங்க, அது தைரியமா சாப்பிடலாம், முட்ட ஆகாதவங்க மட்டும் மாவுல என்னன்னு கேட்டுக்கோங்க. கீரையும் உலர்ந்த திராட்சையும் போட்டு மேல சக்கரை தூவி ஒரு இனிப்பு பை கூட இருக்கு, தூர்த் தெ ப்ளெத், கீரைல ஸ்வீட்டான்னு மூஞ்சிய சுளிக்காதீங்க, நல்லாவே இருக்கும். ப்ளாஸ் ரொசெத்தில ஃபெனோக்கியோ ஐஸ்க்ரீம் கடைல லாவண்டர்ல இருந்து தக்காளி வரைக்கும் ஃப்ளேவர் வச்சிருக்காங்க, தக்காளி தேவையான்னா தேவையில்லதான்.

மத்தியானம் சரியா பன்னெண்டு மணிக்கு எங்கயோ டமால்னு பெரிய வெடிச்சத்தம் கேக்கும், புறா எல்லாம் ஒண்ணா பறக்கும், மொதல் நாள் டூரிஸ்ட் எல்லாரும் நின்னு முழிப்பாங்க, ஊர்க்காரங்க திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. 1860கள்ல அங்க தங்கியிருந்த ஸ்காட்லாந்து துரை ஒருத்தரு, வெளிய போன பொண்டாட்டி அரட்டை அடிச்சுட்டு சாப்பாட்டுக்கு லேட்டா வர்றாங்கன்னு, மணி பன்னெண்டு ஆச்சு வீட்டுக்கு வான்னு தெரியறதுக்காக தெனமும் பீரங்கி வெடிக்க ஏற்பாடு பண்ணாராம், அந்தப் பழக்கம் இன்னும் தொடருது, இப்ப மலை மேல இருந்து வெடி போடறாங்க. கதை கேக்க காமெடியா இருந்தாலும் அந்த வெடிய நீங்க சீரியஸா எடுத்துக்கணும், ஏன்னா சாப்பாட்டு நேரம் நெஜமாவே அப்பத்தான் ஆரம்பிக்குது. ரெண்டு மணிக்கு மேல பெரும்பாலான நல்ல ரெஸ்டாரன்ட்ல கிச்சன மூடிடுவாங்க, திரும்ப ராத்திரி ஏழு மணிக்குத்தான். மூணரை மணிக்கு பசிச்சா டூரிஸ்டுக்குன்னே நாள் பூரா தொறந்து வச்சிருக்கற கடைல ஆறிப்போன பிஸ்ஸாதான், அதுக்கு விலையும் ஜாஸ்தி. மத்தியானம் ரெஸ்டாரன்ட் வாசல்ல கரும்பலகைல சாக்கட்டில எழுதியிருக்கும் பாருங்க அன்னைக்கு ஸ்பெஷல், ராத்திரி சாப்பாட்ட விட அது கம்மி விலை, அதனால பெரிய சாப்பாட்ட பகல்ல வச்சுக்கோங்க. தண்ணிக்கு "காராஃப் தோ"ன்னு கேட்டா குழாய்த் தண்ணி ஜாடில ஓசியா வைப்பாங்க, நல்ல தண்ணிதான், வெறுமனே வாட்டர்னு கேட்டா பாட்டில் வந்து பில்லுல ஏறிடும். சர்வீஸ் சார்ஜ் விலைலயே சேந்திருக்கு, டிப்ஸ் கட்டாயம் இல்ல.

ஒண்ணுல இருந்து நாலு மணி வரைக்கும் கோடைல வெளிய சுத்தறது வேஸ்ட். அதுதான் மியூசியத்துக்கு நேரம். ரெண்டு பெருசு இருக்கு, ஷகால், மத்தீஸ்னு ரெண்டு ஓவியருங்க பேர்ல. நேரம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ஷகால் போங்க. பைபிள் கதைங்கள வச்சு அவரு வரைஞ்ச பதினேழு பெரிய ஓவியத்துக்காகவே கட்டுன எடம், 1973ல அவரு உயிரோட இருக்கறப்பவே தொறந்தது, ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க கூட அந்த நீலத்துக்கும் செவப்புக்கும் முன்னாடி கொஞ்ச நேரம் அப்படியே நிப்பாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான். மத்தீஸ் மியூசியம் இன்னும் மேல, சிமியேங்கற மேட்டுல, பஸ்ல போகணும், அவரு 1917ல நீஸ்க்கு வந்து கடைசி வரைக்கும் பெரும்பாலும் இந்தப் பக்கமே இருந்துட்டாரு, சமாதியும் அங்கயே மடத்துப் பக்கத்துலதான் இருக்கு. சுத்தி ஆலிவ் தோப்பு, ரோமானியர் காலத்து அரங்கம். ரெண்டு மியூசியமும் செவ்வாய்க்கிழமை லீவு, அன்னைக்கு போய் கேட்டப் பாத்துட்டு திரும்பறவங்க வாராவாரம் இருக்காங்க.

இப்ப பீச். நாலரை அஞ்சு மணிக்கு மேல போங்க. கோடைல ஒம்போது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்ல. நீஸ்ல மணல் கெடையாது, முழுக்க கூழாங்கல்லு, இத யாரும் முன்னாடியே சொல்லாததால டவலும் வெறும் காலுமா போயி நிக்கறவங்க முகத்த பாக்கணுமே. ரெண்டு விஷயம் வாங்கிக்கோங்க, தண்ணில போட்டுக்கிட்டு எறங்கற ரப்பர் ஷூ ஒண்ணு, படுக்கறதுக்கு கொஞ்சம் தடிமனான பாய் ஒண்ணு, ரெண்டும் டெகாத்லான்லயோ பீச்சுக்கு எதிர்ல இருக்கற கடைங்கள்லயோ கெடைக்கும். அத விட முக்கியம், அடி சட்டுனு ஆழமாயிடும், ரெண்டு மூணு எட்டு வைக்கறதுக்குள்ள இடுப்பு, இன்னும் ரெண்டு எட்டுல கால் எட்டாது. அலை சின்னதா தெரியும், ஆனா திரும்பிப் போறப்ப காலுக்கு அடில இருக்கற கல்ல எல்லாம் கலகலன்னு சத்தத்தோட இழுத்துட்டுப் போகும், நிக்க புடிமானமே இருக்காது. அதனால உள்ள போறப்ப மொழங்கால் தண்ணி வந்ததும் தயங்காம அப்படியே குனிஞ்சு நீந்திடுங்க, நின்னு யோசிச்சாத்தான் விழுவீங்க. வெளிய வர்றப்ப ஒரு அலை தள்ளி விடற வரைக்கும் காத்திருந்து அது கூடவே வந்து, அடுத்தது வர்றதுக்குள்ள நாலு கால்ல தவழ்ந்தாவது மேல ஏறிடுங்க, அழகா இருக்காதுதான், அங்க எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. நீச்சல் தெரியாதவங்க, சின்னக் கொழந்தைங்க கரைலயே இருக்கணும், கொழந்தைங்கள தனியா விட்டுட்டு போன்ல மூழ்கிடாதீங்க. கொடி பச்சைன்னா எறங்கலாம், மஞ்சள்னா பாத்து, சிவப்புன்னா எறங்கவே கூடாது. ஜெல்லிமீன் வந்திருக்கான்னு லைஃப்கார்டுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

ப்ரைவேட் பீச்சும் பப்ளிக் பீச்சும் மாறி மாறி வரும். குடை, படுக்கை போட்டு வச்சிருந்தா ப்ரைவேட், ஒரு ஆளுக்கே 20 யூரோவுக்கு மேல ஆகும், சாப்பாடு தனி. வெறும் கல்லா இருந்தா பப்ளிக், ஓசி, ஷவரும் இருக்கு. தண்ணி ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான். வீல்சேர்ல வர்றவங்களுக்கு கராஸ், சாந்த்னேர்னு ரெண்டு எடத்துல கடல்ல எறங்கற அளவுக்கு ஏற்பாடு பண்ணியிருக்காங்க, இத நெறைய பேருக்கு தெரியறதில்ல.

மணல்தான் வேணும்னா, பசங்க வாளி கரண்டியோட வந்துட்டாங்கன்னா, வில்ஃப்ரான்ஷ் போங்க. ரயில்ல ஏழெட்டு நிமிஷம்தான், ஸ்டேஷன்ல எறங்குனா கீழயே பீச், அலை அடங்குன குடா, மணல் கொஞ்சம் பெருவெட்டா இருக்கும், அவ்வளவுதான். அங்க பழைய ஊருக்குள்ள ரூ ஒப்ஸ்க்யூர்னு ஒரு தெரு, வீடுங்களுக்கு அடில குகை மாதிரி இருட்டா போகும், வெயில்ல இருந்து உள்ள நுழைஞ்சா சில்லுனு இருக்கும்.

இந்த ரயில் லைன்தான் நீஸ்ல தங்கறதோட பெரிய லாபம், வண்டி வாடகைக்கு எடுக்கவே வேண்டாம், எடுத்தா பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிடும். கெழக்க போற வண்டில வில்ஃப்ரான்ஷ், எஸ், மொனாக்கோ, மாந்தோன், அப்பறம் இத்தாலி எல்லைல வென்டிமிலியா. மேற்க போனா ஆன்தீப், கான். கெழக்க போறப்ப வலது பக்கம் உக்காருங்க, கடல் அந்தப் பக்கம்தான். காலைல எட்டு எட்டரை வண்டி வேலைக்கு போறவங்களால நிரம்பி வழியும், மொனாக்கோல வேலை பாக்கறவங்கள்ல நெறைய பேரு நீஸ்லதான் குடியிருக்காங்க, அதனால அதுக்கு முன்னாடி போங்க இல்லன்னா ஒம்போதரைக்கு மேல. கூட்டத்துல பாக்கெட்டும் பையும் பத்திரம், கதவு மூடப் போற நேரத்துல போன புடுங்கிட்டு குதிக்கறது அந்த லைன்ல சகஜம். ரயில் ஸ்ட்ரைக்கும் அடிக்கடி நடக்கும், க்ரெவ்னு எங்கயாவது எழுதியிருந்தா அதுதான், மொத நாள் ராத்திரியே ஆப்ல பாத்துடுங்க.

மொனாக்கோ போறவங்களுக்கு ஒண்ணு. அது தனி நாடு, ரெண்டு சதுர கிலோமீட்டர்தான், எல்லைல செக்கிங் எதுவும் கெடையாது, ஆனா ஐரோப்பிய யூனியன்ல இல்ல. அதனால உங்க சிம்மு, இ-சிம்மு யூரோப் ப்ளான்ல மொனாக்கோ இருக்கான்னு பாத்துட்டு போங்க, இல்லன்னா ரயில் டன்னல்ல இருந்து வெளிய வர்றதுக்குள்ள ரோமிங் பில்லு ஓட ஆரம்பிச்சுடும். ஊரப் பத்தி என் அபிப்பிராயம், அரை நாள் போதும், கேசினோ வாசல்ல நிக்கற காருங்கள பாத்துட்டு, அரண்மனை இருக்கற பாறை மேல ஏறி கீழ துறைமுகத்த பாத்துட்டு வந்துடலாம்.

எஸ் கிராமத்துக்குத்தான் நான் முழு மார்க் குடுப்பேன். கடல்ல இருந்து 400 மீட்டருக்கு மேல பாறை உச்சில கழுகுக்கூடு மாதிரி தொத்திக்கிட்டு இருக்கு. இதுல ஒரு குழப்பம் உண்டு, ரயில் ஸ்டேஷன் இருக்கறது கீழ கடலோரத்துல, கிராமம் மேல, ரெண்டையும் இணைக்கற பாதைல ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்ஷே நடந்து யோசிச்சதால அவரு பேரயே வச்சிருக்காங்க. தெரியாம ரயில்ல போய் எறங்கி மத்தியான வெயில்ல அத ஏறுனீங்கன்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், தத்துவம் எதுவும் தோணாது, தண்ணி தாகம்தான் தோணும். நீங்க அத தலைகீழா பண்ணுங்க. காலைல நீஸ்ல வொபான்ங்கற பஸ் ஸ்டாண்டுல இருந்து மேல கிராமத்துக்கே நேரா போற பஸ் இருக்கு, மொத பஸ்ஸுலயே ஏறி, கூட்டம் வர்றதுக்குள்ள உச்சில இருக்கற கள்ளிச்செடி தோட்டத்த பாத்துட்டு, பத்தரை பதினொண்ணுக்கு டூர் பஸ்ஸெல்லாம் வந்து ஆளுங்கள கொட்டறப்ப அந்தப் பாதைல கீழ எறங்கி, ஸ்டேஷன் பக்கத்து கடல்ல ஒரு முங்கு முங்கிட்டு ரயில் புடிச்சு வந்துடுங்க. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க, கல்லு உருளும். மழை பேஞ்ச மறுநாள் அந்த வழில எறங்காதீங்க.

மாந்தோன் தாண்டி இத்தாலிப் பக்கம் போறதா இருந்தா பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல இருக்கணும். ஷெங்கனுக்குள்ள செக்கிங் இல்லன்னு பேரு, ஆனா அங்க இருந்து திரும்பி வர்றப்ப எல்லை ஸ்டேஷன்ல ஃபிரெஞ்சு போலீஸ் ரயில்ல ஏறி பாப்பாங்க, நம்ம கலர் பாத்தா கண்டிப்பா கேப்பாங்க, போன்ல இருக்கற போட்டோ எல்லாம் ஒத்துக்க மாட்டாங்க.

சில்லறை விஷயம் கொஞ்சம். கார்டு தட்டறது கிட்டத்தட்ட எல்லா எடத்துலயும் ஓடும், மார்க்கெட்டுக்கு மட்டும் கொஞ்சம் நோட்டும் காசும் வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல நெறைய கடை மூடிடும், தண்ணி, பால், பழம் சனிக்கிழமையே வாங்கி ரூம்ல வச்சுடுங்க. நீச்சல் ட்ரெஸ்ஸோட ஊருக்குள்ள சுத்தாதீங்க, மேல ஒரு சட்டைய போட்டுக்கிட்டு கடைக்குள்ள போங்க. பீச்சுல தனியா குளிக்கறப்ப பைய கரைல விட்டுட்டு போறதா இருந்தா பக்கத்துல குடும்பமா உக்காந்திருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு போங்க, தண்ணி புகாத சின்ன பை ஒண்ணு கழுத்துல மாட்டிக்கிட்டு கார்டையும் போனையும் அதுல போட்டுக்கிட்டா இன்னும் நிம்மதி.

கெளம்பற அன்னைக்கு மதியம் ஃப்ளைட்னா காலைல லிபரேஷன் மார்க்கெட் போங்க, ஒண்ணாவது லைன் டிராம்லயே ஸ்டாப் இருக்கு, அதுவும் திங்கட்கிழமை லீவு. கூர் சலேயா மாதிரி போட்டோவுக்கு அழகா இருக்காது, ஆனா ஊர்க்காரங்க பைய தூக்கிட்டு வந்து பேரம் பேசி வாங்கற எடம், விலையும் கம்மி. குட்டி குட்டியா கருப்பா இருக்கற நீஸ் ஆலிவ், ஆலிவ் எண்ணெய், உலர்ந்த மூலிகை இதெல்லாம் அங்க வாங்கிக்கோங்க. எண்ணெய் பாட்டில கைப்பைல வச்சா செக்யூரிட்டில எடுத்து தொட்டில போட்டுடுவாங்க, துணிக்கு நடுவுல சுத்தி பெரிய பெட்டில வச்சு செக்-இன் பண்ணிடுங்க. பீச்சுல இருந்து ஞாபகத்துக்குன்னு வழவழ கல்லா பாத்து நாலு பொறுக்கி பைல போட்டிருந்தீங்கன்னா அத எறக்கி வச்சுடுங்க, ஃபிரான்ஸ்ல கடற்கரைல இருந்து கல்லு மணல் எடுக்கறது சட்டப்படி குத்தம், ஃபைன் 1,500 யூரோ வரைக்கும் போகும்.